சுழி என்று எழுதப்படும் வேலை

இயற்பியல் பாடநூல் வேலையை விசையாலும் இடப்பெயர்ச்சியாலும் அளக்கிறது. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் அசையாமல் நிற்கும் பெண், அந்தக் கணக்கில், கட்டின் மீது செய்யும் வேலை சுழி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நடவுப் பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்தச் சுழியோடு எனக்குச் சண்டை இல்லை. அவள் தசைகள் ஆற்றலைச் செலவிடுவதை இயற்பியல் மறுப்பதில்லை. அவள் சும்மா நிற்கிறாள் என்றும் அது சொல்வதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சுழியோடுதான் என் சண்டை. பொருளாதார உற்பத்தியில் பங்கேற்பதே அங்கே வேலை; கூலி வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்பின் வரையறைப்படி, வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு வளர்த்துப் பால் கறந்தாலும் அது வேலை. அதே பாலைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுப்பது வேலை இல்லை. கையும் அதேதான், பாலும் அதேதான். அடுப்படிக்குள் நுழைந்ததும் வேலை மறைந்துவிடுகிறது. ஆண்டில் 6 மாதமாவது வேலை செய்தவரே முதன்மைத் தொழிலாளர். நடவு, களை என்று பருவத்தில் மட்டும் கூலி கிடைக்கும் டெல்டாவில், இயந்திரங்கள் அந்த நாட்களையும் தின்ற பிறகு, அந்தக் கோட்டுக்குக் கீழே விழுபவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நூறு நாள் வேலையில் வெட்டிய மண்ணைக் கன மீட்டரில் அளந்து கூலி போட்டார்கள். இடப்பெயர்ச்சி அங்கே சம்பளப் பட்டியலுக்குள்ளேயே வந்துவிட்டது.

2010இல் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில், வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போரோடும் சிறைக்கைதிகளோடும் ஒரே பிரிவில் வைத்த கணக்கெடுப்பு முறையைக் கண்டித்தது. உயிரோடு இருந்தவரை சுழியாக இருந்த வேலைக்கு, செத்த பிறகு விலை தேட வேண்டியிருந்தது. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்ணுக்கு நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆணுக்கு 97. நிமிடங்களை எண்ணத் தெரிந்த அரசுக்கு அவளைத் தொழிலாளியாக எண்ண மனம் வரவில்லை.

எந்தத் துறையும் தன் தேவைக்கு ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்ளலாம். அதன் சுழி யார் தலையில் விழுகிறது என்பதே நம் கேள்வி. “வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்று நம் அம்மாக்கள் சொல்லும்போது, வரையறைக்குள் வரும் வேலையும் சேர்ந்தே அழிகிறது. அடுத்த கணக்கெடுப்பில், கறந்த பாலையும் சொந்த வயலில் பறித்த களையையும் விடாமல் சொல்லச் சொல்வோம். அடுப்படிக்கான சண்டையை அங்கிருந்து தொடங்கலாம்.