வகுத்தலில் குளம் எங்கே?

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டு பள்ளிகளில் பெரும்பாலும் நீரின் பெருமை கூறும் பாட்டாகவே கற்பிக்கப்பெறுகிறது. உணவளித்தவரே உயிரளித்தவர் என்னும் கருத்தை மாணவர் மனத்திற் கொள்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. இது பாட்டிற் பாதியைக் கைவிடுவதாகும். அரசன் தன் பொருளை எதிற் செலவிடுவது என்பதே குடபுலவியனார் எடுத்துக்கொண்ட வழக்கு.

பாடப்பெற்றவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். இளமையிலேயே அரசேற்று, இரு பெருவேந்தரையும் ஐந்து வேளிரையும் ஒருங்கே வென்றவன். இத்தகையவனிடம் சென்று, 'போரை விடுக' என்றால் அச்சொல் செவியேறுமா? புலவர் அதனை நன்கறிவார். மறுமைச் செல்வம், பிற வேந்தரை வென்று தனித்தாளல், இவ்வுலகில் நிலைக்கும் புகழ் என அவன் விரும்பக்கூடிய மூன்றையும் தாமே எடுத்துவைத்து, மூன்றுக்கும் வழி நீர்நிலை பெருக்குதலே என்று முடிக்கிறார். யானைக்கும் அரணுக்கும் போகும் பொருளோடு குளத்துக்குப் போகும் பொருளை அவர் போட்டியிட வைக்கும் திறம் இது. வானம் பார்த்த நிலம் எத்துணை அகன்று கிடப்பினும் ஆள்வோனுடைய முயற்சிக்கு உதவாது என்பது அவர் காட்டும் ஏது. குளத்திலிட்ட பொருள் விளைச்சலாகி, விளைச்சல் இறையாகி, மீண்டும் கருவூலம் புகும் என்ற கணக்கு அதனுள் அடங்கியிருக்கிறது. அம்மட்டோ? நிலம் குழிந்த இடம் பார்த்து நீரைத் தேக்குக என்கிறார். இயற்கைப் பள்ளத்திற் சிறு கரையே பெருநீரைத் தாங்கும். செலவு சுருங்கப் பயன் பெருகும் இந்த இடத்தேர்வை இற்றைப் பொறியாளரும் மறுக்கமாட்டார்.

இப்பாட்டைத் திருக்குறளின் 385ஆம் குறளோடு வைத்து நோக்குதல் வேண்டும். பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் தொகுத்தல், காத்தல் என்ற மூன்றன்பின் வகுத்தலைக் கூறுகிறார் வள்ளுவர். பரிமேலழகர் வகுத்தலை அறம், பொருள், இன்பம் என மூன்றாக்கி, யானை, குதிரை, நாடு, அரண் ஆகியவற்றைப் பொருளின்பாற் படுத்துகிறார். மண்டபம், வாவி, செய்குன்று, இளமரக்கா என்பவற்றை இன்பத்தின்பாற் படுத்துகிறார். அவர் கூறும் வாவி உய்யானத்துப் பொய்கையே, ஏரியன்று என விடையிறுக்கலாம்; 'நாடு' என்ற சொல்லுள் ஏரியும் அடங்கும் எனவும் வாதிடலாம். இரண்டும் தக்க விடைகளே. ஆயினும் யானையையும் குதிரையையும் பெயர்சுட்டிக் கூறிய உரையாசிரியர் ஏரியைப் பெயர்சுட்டாது விட்டது குறையே. குடபுலவியனாரைக் கேட்டால் பொருட்பொருட்டு வகுத்தலின் தலையில் ஏரியை வைத்திருப்பார்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. மலேசிய அரசின் ஆண்டுச் செலவுத் திட்டத்தில் நடைமுறைச் செலவு, மேம்பாட்டுச் செலவு என இரு பிரிவுகள் உண்டு. கடன் வாங்குவது மேம்பாட்டுக்கே என்பது பொதுவிதி. அணை கட்டுதல் மேம்பாடு. அதைப் பேணும் ஆளின் கூலியோ நடைமுறைச் செலவு. பெயர் பொறித்த கல் அணைக்கு உண்டு. தூர் வாரியவனுக்கு ஏது கல்? நீர்நிலை அமைத்தோரே தம் பெயரை நிறுத்தினோர் என்று புகழ்காட்டி இழுக்கும் பாட்டு, பேணுதலைப் பற்றி வாய் திறவாதது அதன் குறைபாடு. அக்குறையைப் பிற்காலத்து ஊர்ச்சபைகள் நிரப்பின. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் தனியே வைக்கப்பட்டிருத்தல் காண்க.

மலாக்கா இதனை 1991இல் பட்டறிந்தது. டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றிப்போக, குழாயை நம்பியிருந்த நகரத்தார் வானம் பார்த்த நிலத்து உழவரைப்போல் ஆயினர். நீர் பங்கீட்டு முறையிற் கிடைத்தது. மூவார் ஆற்று நீரைக் கொணர்தலும் ஜூஸ் அணையும் பின்னர் வந்த துணைகள். மழைக்குறைவே காரணம் என்பது பாதி விடை. பெருகிய ஊருக்கும் ஆலைகளுக்கும் ஏற்பத் தேக்கம் பெருகவில்லை என்பது மறுபாதி.

தோட்டத்தின் கதை வேறு. டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்; மலாயாவில் அது வணிக முறையில் முதலாவது. ரப்பர் ஏற்றுமதி வரி நெடுங்காலம் அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாய் இருந்தது. பால் மரம் வெட்டிய தமிழர் உழைப்பு அவ்வரியுள் உண்டு. சாலையும் மின்சாரமும் குழாய்நீரும் கம்பங்களுக்குச் சென்றபோதோ, தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் அரசுச் செலவு பெரும்பாலும் தோட்டத்து வாயிலோடு நின்றது. 1966ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பொறுப்பை முதலாளிமீதே வைத்தன. தோட்ட நிலத்தில் நின்ற தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாய், கட்டடத்துக்கு அரசின் முழுச் செலவைப் பெறாது நின்றதும் இதே நிலவுரிமைக் கணக்கினாலேயாம்.

குடபுலவியனார் பாட்டில் இத்தகைய வேலி இல்லை. இறை தரும் நிலமெல்லாம் அவருக்கு அரசன் நீர் தேக்க வேண்டிய நிலமே. ஆசிரியர் இப்பாட்டை நடத்தும்போது, தோட்டத்து லயத்துக் குழாயில் வந்த நீருக்குக் காசு கொடுத்தவர் யார், அவ்வூர் வரி எங்கே சென்றது என்று மாணவரைக் கேட்டுப் பார்க்கலாம்.