நிலவறையில் இருந்த மாதா: ஒரு பங்கின் வரலாறும் அது நின்றுபோன வருடமும்

பங்கு வரலாறுன்னு நம்மிடம் இருப்பது பெரும்பாலும் நூற்றாண்டு விழா மலர்தான். ஆயரின் ஆசியுரை, பணியாற்றிய பங்குத்தந்தையரின் பட்டியல், கோபுரம் கட்டிய வருடம், மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர். கோயிலுக்குள் முழங்காலில் நின்றவர்கள் என்ன கேட்டு நின்றார்கள் என்று அந்த மலரில் ஒரு வரி இருக்காது. மலர்கள் சிலவற்றைப் புரட்டி அலுத்துப் போயிருந்தபோதுதான் ராபர்ட் ஓர்சியின் 'த மடோனா ஆஃப் 115த் ஸ்ட்ரீட்' புத்தகத்தை எடுத்தேன். யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1985இல் வெளியிட்டது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் உள்ள கார்மேல் மாதா கோயிலும் (நம்ம ஊர்ப் பேச்சில் உத்தரிய மாதா) அதைச் சுற்றி வாழ்ந்த இத்தாலியர்களும்தான் பொருள். ரொம்ப நல்ல புத்தகம். அதில் எனக்கு ஒரு தீராத சண்டையும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கதை. தெற்கு இத்தாலியில் சலேர்னோ பக்கம் போல்லா என்றொரு ஊர். அங்கிருந்து வந்த கூலிக்காரர்கள் 1881இல் தங்கள் ஊர் மாதா பெயரில் ஒரு சங்கம் வைத்து, கிழக்கு ஆற்றங்கரை ஓரத்து வீடொன்றில் திருவிழாக் கொண்டாடினார்கள். 1884இல் 115ஆம் தெருவில் பல்லோட்டைன் சபைக் குருக்கள் கோயில் எழுப்பினார்கள். வேலை முடிந்து வந்த இத்தாலியர்கள் மாலை நேரத்தில் கல் சுமந்தார்கள், ஐஸ் வண்டிக்காரரும் பழைய சாமான் வண்டிக்காரரும் வண்டியைக் கொடுத்தார்கள். கோயில் எழும்பியதும் என்ன நடந்தது? அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் கீழே, நிலவறை. மேலே ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும் பூசை கண்டார்கள். மாதா சொரூபமும் கீழேதான். முப்பது வருடங்களுக்கும் மேல் இப்படியே போனது.

இதில் ஒரு வேடிக்கை. 1904இல் ரோமின் அனுமதியோடு அந்தச் சொரூபத்துக்கு முடி சூட்டினார்கள். புதிய உலகத்தில் அப்படிப்பட்ட பெருமை அதற்கு முன் மெக்ஸிகோவின் குவாதலூப்பே மாதாவுக்கும் நியூ ஆர்லியன்ஸின் சகாய மாதாவுக்கும் கிடைத்திருந்தது. போப் முடி சூட்டுகிறார், உள்ளூர்த் திருச்சபை நிலவறையில் வைத்திருக்கிறது. அன்றைய அமெரிக்கத் திருச்சபையில் ஐரிஷ்காரர் கை ஓங்கியிருந்தது. தெருவில் மாதாவைத் தூக்கிக்கொண்டு, வாண வேடிக்கை விட்டு, தெருவோரத்தில் தின்று குடித்துக் கொண்டாடுகிற இந்த ஜனங்கள் அவர்களுக்குப் பெரிய தலைவலி. இத்தாலியர் பிரச்சினை என்றே பேரு வச்சு எழுதினாங்க.

ஜூலை 16ஆம் தேதித் திருவிழாவை விவரிக்கும் முதல் அத்தியாயத்துக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். வெறுங்காலோடு கொதிக்கிற தார் ரோட்டில் நடக்கிற பெண்கள். தன் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற மெழுகுவர்த்தி. நோயுற்ற உறுப்பின் வடிவில் மெழுகில் செய்த கை, கால், இதயம். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை தரையை நாக்கால் நக்கிக்கொண்டே போகிறவர்கள். வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் காணிக்கை வைப்பதைப் பார்த்த நமக்கு இதில் பாதி புதிதல்ல. ஓர்சி இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் இல்லை, பக்திப் பரவசம் என்று புல்லரிக்கவும் இல்லை. நேர்ச்சைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பார்க்கிறார்.

அவருடைய மையச் சொல் 'டோமுஸ்'. வீடு, குடும்பம், உறவு, மானம் எல்லாம் சேர்ந்த ஒன்று. இத்தாலிய ஹார்லெமின் உண்மையான மதம் இந்த வீடுதான், மாதா அந்த வீட்டின் தாய் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அது குடும்பப் பாசத்தைப் போற்றும் இன்னொரு புத்தகமாகப் போயிருக்கும். வீடு எப்படி நெரித்தது என்றும் எழுதுகிறார். எல்லாச் சுமையும் பெண்ணின் தலையில். அவளுக்கு வீட்டுக்குள் அதிகாரமும் உண்டு, அதே வீடே சிறையும்கூட. அந்தக் கோபத்தை, களைப்பை வெளியே சொல்ல ஒரே இடம் மாதாவின் காலடி. ஆனால் அங்கே அழுது முடித்துவிட்டு அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறாள்.

இங்கிருந்து என் சண்டை. வீடு வீடு என்று எங்கும் வீடாகவே தெரிகிறதே, இது எங்கிருந்து வந்தது? ஓர்சி பெரிதும் நம்பியிருப்பது லியோனார்ட் கவெல்லோ விட்டுச்சென்ற காகிதங்களை. கவெல்லோ கிழக்கு ஹார்லெமில் 1934இல் தொடங்கிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், தானும் இத்தாலியிலிருந்து சின்ன வயதில் வந்தவர். அவருடைய ஆராய்ச்சியே இத்தாலியக் குடும்பத்துக்கும் அமெரிக்கப் பள்ளிக்கும் இடையே உள்ள இழுபறி பற்றியது. பையன்கள் ஏன் படிப்பை விடுகிறார்கள், அப்பா அம்மா ஏன் பள்ளியை நம்பவில்லை என்ற கேள்வியோடு சேர்த்தவை அந்த நேர்காணல்களும் மாணவர் குறிப்புகளும். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தைப் பற்றித்தான் பதில் வரும். தொழிற்சங்கத்தைப் பற்றி ஒருவர் கேட்டுத் திரிந்திருந்தால்? அதே தெருக்கள்தான் வீட்டோ மார்க்கன்டோனியோ என்ற இடதுசாரியைத் திரும்பத் திரும்ப அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பின. 1954இல் அவர் இறந்தபோது நியூயார்க் உயர்மறைமாவட்டம் கத்தோலிக்க அடக்கத்தை மறுத்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய கையும் அவருக்கு ஓட்டுப் போட்ட கையும் ஒன்றுதான். மார்க்கன்டோனியோவை ஓர்சி மறக்கவில்லை, ஆனால் அவரையும் டோமுஸுக்குள்ளேயே அடக்கப் பார்க்கிறார். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. புத்தகத்தின் துணைத்தலைப்பில் இருக்கும் ஆண்டுகள் 1880–1950. ஏன் 1950? அந்த வாக்கில் இத்தாலியர்கள் பிராங்க்ஸுக்கும் புறநகருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பழைய அடுக்குக் குடியிருப்புகளை இடித்து அரசு வீடுகள் எழும்பின. போர்ட்டோ ரீக்கோ மக்கள் பெருவாரியாக வந்து சேர்ந்தார்கள். அவர்களும் கத்தோலிக்கர்கள், மாதா பக்தர்கள், 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஒரு பங்கின் வரலாற்றில் இதுவல்லவா சுவாரஸ்யமான இடம்? புத்தகம் அந்த வாசலில் வந்து நின்றுவிடுகிறது. இத்தாலியர் போனதோடு கதை முடிந்தது என்று ஆண்டுக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஓர்சிக்கு இது உறைத்திருக்க வேண்டும். 1992இல் அமெரிக்கன் குவார்ட்டர்லி இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புத்தகத்தைவிட எனக்கு அதுதான் உயர்வு. அதில் அவர் கேட்கும் கேள்வி நேரடியானது: திருவிழாவுக்கு வந்த ஹெய்ட்டி மக்களை ஏற்றுக்கொண்ட இத்தாலியர்கள், பக்கத்து வீட்டுப் போர்ட்டோ ரீக்கோக்காரரை ஏன் ஒதுக்கினார்கள்? நிறம்தான் காரணம் என்றால் ஹெய்ட்டிக்காரர் அல்லவா அதிகக் கறுப்பு? அவர் காட்டும் விடையில் கசப்பு இருக்கிறது. ஹெய்ட்டிக்காரர் புரூக்ளினிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். போர்ட்டோ ரீக்கோக்காரர் அதே படிக்கட்டில் வாழ்கிறார். தெற்கு இத்தாலியர்களையே ஒரு காலத்தில் முழு வெள்ளையர் இல்லை என்று அமெரிக்கா சந்தேகித்தது. தன்னைப் போலவே ஏழை, தன்னைப் போலவே கருத்தவர், தன் மாதாவையே கும்பிடுபவர். அந்த நெருக்கம்தான் பயமாக இருந்தது. நிலவறையில் முப்பது வருடம் இருந்தவர்கள் மேலே வந்ததும் வாசலைச் சாத்தினார்கள்.

ஹெய்ட்டி பக்கத்தை அறிய எலிசபெத் மக்காலிஸ்டர் 1998இல் எழுதிய கட்டுரையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹெய்ட்டியில் சோ டோ அருவித் திருத்தலத்துக்கும் ஜூலை 16தான் நாள். வோடூ வழிபாட்டில் இதே மாதாவோடு எஸிலி டான்ட்டோ என்ற தெய்வத்தாயை இணைத்துப் பார்க்கிறார்கள், கடுமையாக உழைத்துப் பிள்ளையை வளர்க்கும் கருத்த தாய். ஆக 115ஆம் தெருச் சொரூபத்தின் முன் அருகருகே நிற்கும் இத்தாலியப் பாட்டியும் ஹெய்ட்டிப் பெண்ணும் ஒரே முகத்தில் வேறு வேறு ஆளைப் பார்க்கக்கூடும். இருவர் கேட்பதும் பிள்ளைகளுக்காகத்தான் இருக்கும்.

புத்தகம் பின்னால் புதிய முன்னுரைகளோடு மறுபதிப்பு கண்டது, 2010இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. அட்டையில் ஆண்டுகள் மாறவில்லை, 1880–1950தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதல் அத்தியாயம், பிறகு 1992 கட்டுரை, அப்புறம் மக்காலிஸ்டர், கடைசியாகப் புத்தகத்தின் மீதி. இப்படிப் படித்தால் டோமுஸ் என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும், அந்த வீட்டின் அடுத்த கதவில் குடிவந்தவர் யார் என்று கேட்கத் தோன்றும்.