சாடையும் ஏசலும்: வோக் ஆட்டப் போட்டிச் சொற்களின் தமிழாக்கம்

நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில் கறுப்பின, இலத்தீன் அமெரிக்கத் திருநங்கையரும் ஒருபாலீர்ப்பினரும் வளர்த்தெடுத்த நடை, ஒப்பனை, ஆடற் போட்டிகள் ஆங்கிலத்தில் ‘பால்’ என்றும், அவற்றைச் சூழ்ந்த பண்பாட்டு வெளி ‘பால்ரூம்’ என்றும் வழங்கப்பெறுகின்றன. ஜென்னி லிவிங்ஸ்டனின் ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ (1990) என்னும் ஆவணப்படமும், 2018 முதல் 2021 வரை ஒளிபரப்பான ‘போஸ்’ தொடரும் இப்பண்பாட்டின் சொற்களைப் பல மொழிகளுக்குக் கொண்டுசென்றன. தமிழில் இவற்றைத் தர முற்படும் பெயர்ப்பாளர் முதற்சொல்லிலேயே இடறுகிறார். எழுத்துப்பெயர்த்தால் அது ஆண்பால், பெண்பால் என்பவற்றில் வரும் ‘பால்’ ஆகிவிடுகிறது. ஆவின் பாலும் ஆகிறது. ‘பால் போட்டி’ என்னும் தொடரைப் படிப்பவர் கறவை மாட்டுப் போட்டியை நினைத்தால் அது அவர் குற்றமன்று. ‘வோக் ஆட்டப் போட்டி’ என்று விரித்துரைப்பதே இப்போதைக்கு ஏற்புடையது.

ஹார்லெமில் ஹாமில்டன் லாட்ஜ் என்னும் அமைப்பு 1869ஆம் ஆண்டிலேயே மாறுவேட நடன விழாவைத் தொடங்கியது. 1967இல் நடந்த அழகுப் போட்டியொன்றின் தீர்ப்பில் நிறவேற்றுமை இருந்ததெனக் கிரிஸ்டல் லபேஜா மேடையருகிலேயே கண்டித்த காட்சி ‘தி குயின்’ (1968) ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளது. 1970களின் தொடக்கத்தில் அவரை முதல்வராகக் கொண்டு லபேஜா குழு உருவாயிற்று. பின்னர் வந்த குழுக்களும் இம்முறையையே பின்பற்றின. வோக் என்னும் ஆட்டம் அப்பெயருடைய ஆடையலங்கார இதழின் படங்களில் காணும் நிலைகளை உடலால் எழுதிக்காட்டுவது. கையசைவு, ஒயில்நடை, குந்துநடை, சுழற்சியும் வீழ்ச்சியும், தரையாட்டம் என அதன் உறுப்புகள் ஐந்தாகச் சொல்லப்படுகின்றன.

இக்குழுக்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘ஹவுஸ்’. தலைமை தாங்குபவர் ‘மதர்’ அல்லது ‘ஃபாதர்’, உறுப்பினர் ‘பிள்ளைகள்’. இங்கு ‘வீடு’, ‘இல்லம்’ என்னும் அகராதிப் பொருள்கள் பயன்படா. இல்லம் என்றவுடன் முதியோர் இல்லமும் அனாதை இல்லமும் நினைவில் எழுகின்றன. ஆயின் தமிழகத் திருநங்கையர் சமூகத்தில் இத்தகைய அமைப்பு முன்பே உண்டு. அதற்குரிய சொல்வளமும் உண்டு. ஜமாத், குரு, சேலா, நானி, குருபாய் என்பன அச்சமூகத்தின் உறவுமுறைச் சொற்கள். மூத்தவரைக் காணும்போது ‘பாம்படுத்தி’ என வணங்குவதும், அவர் ‘ஜியோ’ என வாழ்த்துவதும் வழக்கம். காலில் விழுகிறேன் எனப் பொருள்படும் வடபுலத் தொடர் தமிழ் ஒலியமைதிக்கேற்ப ஒரு சொல்லாக உறைந்துவிட்டமை ஒலியியலார் கவனத்துக்குரியது. குருவை ‘அம்மா’ என்றும் சேலாவை ‘மகள்’ என்றும் அழைக்கும் வழக்கும் உடன் நிலவுகிறது. அ. ரேவதியின் எழுத்துகளிலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’விலும் இவ்வுறவுச் சொற்களின் இயல்பான ஆட்சியைக் காணலாம்.

இதனைக் கொண்டு ‘ஹவுஸ்’ என்பதை ‘ஜமாத்’ எனப் பெயர்த்துவிடலாம் எனக் கொள்வது அவசர முடிவாகும். ஜமாத்திற்கு வழக்காடு மன்றத்தின் இயல்பும் உண்டு. அது தண்டம் விதிக்கும், உறவைத் தீர்க்கும். ஹார்லெமின் குழுவோ போட்டியிடுவதற்கென்றே அமைந்தது. வெற்றிக் கோப்பையே அதன் மானம். ஆகவே குழுவைக் குறிக்கக் ‘குடும்பம்’ என்னும் சொல்லையும், தலைவரைக் குறிக்க ‘அம்மா’ என்னும் சொல்லையும் கொள்வது தகும். லபேஜா குடும்பம், நிஞ்சா குடும்பம் என்பவை செவிக்கு அயலாகத் தோன்றுவதில்லை.

‘அம்மா’ என்னும் சொல்லால் வேறொரு சிக்கலும் தீர்கிறது. ஆங்கில மூலத்தில் குழுத்தலைவியை ‘ஷி’ என்று சுட்டும்போது அவர்தம் பெண்மை உறுதிசெய்யப்படுகிறது. உலகம் மறுத்ததை அரங்கு வழங்குகிறது. தமிழில் ‘அவள்’ என்றால் மதிப்பு குன்றுகிறது. ‘அவர்’ என்றால் பால் மறைகிறது. எல்லா இடத்திலும் ‘அவர்’ என்று எழுதிச் செல்பவர் மரியாதை காத்ததாக எண்ணிக்கொண்டு, மூலம் போராடிப் பெற்ற ஒன்றை நழுவவிடுகிறார். ‘அம்மா வந்தார்’ என்னும் தொடரில் எழுவாய் பெண்மையைச் சுமக்கிறது. பயனிலை மதிப்பைச் சுமக்கிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்தோர் பெயருக்குத் தனியீறு இல்லை என்றும், அப்பெயர் ஆண்பால் வினையை ஏலாது என்றும் விதிப்பதை ஈண்டு ஒப்புநோக்கலாம். தமிழ் இலக்கணம் இச்சிக்கலை அறியாததன்று.

அடுத்து, ‘ஷேட்’, ‘ரீடிங்’ என்னும் இரு சொற்கள். டோரியன் கோரி மேற்சுட்டிய ஆவணப்படத்தில் இவற்றை விளக்கும் பகுதி மொழியியலார்க்குப் பாடமாக வைக்கத்தக்கது. ‘ரீடிங்’ என்பது எதிராளியின் குறையை நுட்பமாகக் கண்டு முகத்துக்கு நேரே நயம்படச் சொல்லுதல். ‘ஷேட்’ அதனினும் நுண்ணியது. குறையைச் சொல்லாமலே சொல்வது. இவற்றை முறையே ‘வாசிப்பு’, ‘நிழல்’ எனப் பெயர்த்தால் பொருளே இல்லை. ‘அவமதிப்பு’ எனப் பெயர்த்தால் கலை இல்லை. ‘வசை’ என்பதும் பொருந்தாது. வசையில் வெறுப்பு உண்டு. இங்கே போட்டியும் உறவும் ஒருங்கே உண்டு.

தமிழில் ‘சாடை பேசுதல்’ என்னும் வழக்கு உள்ளது. ஒருவரைப் பெயர் சுட்டாமல், அவர் காதில் விழும்படி, மற்றொருவரிடம் பேசுவதுபோல் பேசுவது அது. குழாயடியிலும் திருமண வீட்டிலும் நாள்தோறும் நிகழும் இப்பேச்சுச் செயல் ‘ஷேட்’ என்பதன் பணியை ஏறத்தாழ முழுமையாகச் செய்கிறது. ஒலியும் ஒத்துவருவது தற்செயலேயாயினும், வசன வரியெழுதுபவருக்கு அது ஒரு வரப்பிரசாதம். ‘ரீடிங்’ என்பதற்கு ‘ஏசல்’ உரியது. வள்ளியும் தெய்வயானையும் ஒருவரையொருவர் இடித்துப் பேசும் ஏசல் பாடல்களில் கேட்போரின் நகைப்பே நடுவர் தீர்ப்பு. தோற்றவரும் உறவை முறித்துக்கொள்வதில்லை. ஹார்லெம் அரங்கின் இலக்கணமும் இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் மறக்கத்தக்கதன்று: ஏசலில் பேசுவோர் கடவுளர்; அரங்கில் பேசுவோர் வெளியுலகின் ஏச்சை அன்றாடம் கேட்டு வந்தவர்கள். வெளியார் எறிந்த சொல்லை எடுத்துக் கூர்தீட்டித் தம்முள் விளையாடுகின்றனர். இச்சுவடு பெயர்ப்பில் தெரியவேண்டுமாயின் மிகையான செந்தமிழ் உதவாது.

‘ரியல்னஸ்’ என்பதை ‘உண்மைத்தன்மை’ எனப் பெயர்ப்பது நேர்மாறான பொருளைத் தரும். நிறுவன அதிகாரியாகவோ படைவீரராகவோ ஐயமின்றித் தோன்றுதலே இப்பிரிவில் மதிப்பிடப்படுகிறது. உண்மையில் அவ்வாறு இருத்தல் அன்று. வீதியில் இனங்காணப்படாமல் வீடு திரும்புவது உயிர்ப்பிரச்சினையாக இருந்தவர்கள் அத்திறனைப் போட்டியாக்கினர். எழுத்து மாறியும் பொருள் மாறாமையைச் சுட்டும் இலக்கணக் கலைச்சொல்லான ‘போலி’ கோட்பாட்டளவில் மிகப் பொருத்தமானது; இன்றைய வழக்கில் அது இழிபொருள் பெற்றுவிட்டதால் விலக்கத்தக்கது. ‘அச்சு அசல்’ என்னும் பேச்சுவழக்கே போதும். மதிப்பெண் அறிவிப்பில் ‘பத்துக்குப் பத்து’ இயல்பாக அமைகிறது. விலக்கப்படுவதற்குக் கிரிக்கெட்டு தந்த ‘அவுட்’ இருக்கவே இருக்கிறது.

தூய்மை நாடுவோர் சிலர்க்குப் ‘பேடிக்கூத்து’ என்னும் பழஞ்சொல் நினைவுக்கு வரலாம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் ‘பேடு’ ஒன்று. மணிமேகலை மலர்வனம் புக்க காதையில், சுருண்ட தாடியும் பூச்சூடிய கூந்தலும் வெள்ளித் தோடுமாகக் காமன் வாணன் நகரில் ஆடிய அக்கூத்தைப் புகார் வீதியில் மக்கள் நின்று காண்கின்றனர். தாடியையும் தோட்டையும் ஒருங்கே காட்டும் அக்கோலம் இன்றைய வோக் அரங்கிலும் அயலாகாது. ஆயினும் இக்காலத் தமிழில் ‘பேடி’ கோழையைக் குறிக்கும் இழிசொல். அதனை மீட்டெடுப்பதோ விடுப்பதோ அச்சொல்லால் அடிபட்டவர்களின் உரிமை, பெயர்ப்பாளரின் உரிமையன்று.

தமிழகத்தில் இவ்வகைப் போட்டிக்கு மிக அண்மையது சித்திரை முழுநிலவையொட்டிக் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவின்போது விழுப்புரத்தில் நடைபெறும் ‘மிஸ் கூவாகம்’ போட்டியாகும். நடை, உடை, வினாவுக்கு விடையிறுக்கும் திறன் ஆகியன அங்கு மதிப்பிடப்படுகின்றன. போட்டியிடுவோர் தனியர், குடும்பங்கள் அல்லர். அரவானை மணந்து தாலியறுக்கும் சடங்கிலிருந்து எழுந்த ‘அரவாணி’ என்னும் பெயர் 1990களில் பரவி, பின் ‘திருநங்கை’ என்பதற்கு இடம்விட்டது. 2008இல் தமிழ்நாட்டில் அமைந்த நலவாரியம் அப்புதுச்சொல்லை அரசு வழக்காக்கியது. ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் பெயர் இருமுறை புதுப்பிக்கப்பட்டமை சொல்லாக்க வரலாற்றில் அரிய நிகழ்வு. பாலக்காட்டு மாவட்டப் பெருமாட்டி முதலிய எல்லையூர்களின் தமிழர்க்கு இதன் மறுபக்கமும் தெரியும். அங்கு மலையாள அரசு ஆவணங்கள் ‘ட்ரான்ஸ்ஜெண்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லையே ஆள்கின்றன. 2021இல் கேரள பாஷா இன்ஸ்டிட்யூட் அதற்கொரு மலையாளச் சொல் வேண்டிப் பொதுமக்களை நாடியது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டுதலையொட்டித் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் பாலினச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இழிசொற்களை இதழ்களிலிருந்து அகற்ற அது துணைசெய்யும். ‘குவீர்’ என்பதற்கு ஈடாக இயக்கத்தாரிடையே வேரூன்றியுள்ள ‘பால்புதுமையர்’ என்பதைப் பற்றி மட்டும் ஓர் ஐயம் எழுகிறது. ஆங்கிலச் சொல் வசவாக இருந்து மீட்கப்பட்டது. அதன் தழும்பு தமிழ்ச் சொல்லில் இல்லை. இது குறையென்பதைவிடப் பேறு எனலாம். ஆனால் ‘புதுமை’ என்னும் உறுப்பு, 1869இலேயே விழா எடுத்தவர்களையும் புகார் வீதியில் ஆடியவர்களையும் நேற்று வந்தவர்களாக்குகிறது. முன்னோடிகளைப் போற்றும் போட்டியின் அழைப்பிதழில் இம்முரண் உடனே புலப்படும். அரங்கு வழங்கும் ‘லெஜண்ட்’, ‘ஐகான்’ என்னும் படிநிலைகளும் வெறும் புகழுரைகள் அல்ல. பல்லாண்டு ஆடி, சமூகத்தார் கூடி வழங்கும் பட்டங்கள். அவற்றை ‘முன்னோடி’ எனப் பொதுமையாக்காமல், ‘மூத்தார்’, ‘பெருமூத்தார்’ எனப் பட்டப்பெயர்களாகவே அமைத்து, வில்லி நிஞ்சா போன்றோரின் பெயருக்கு முன் அடையாக எழுதுதல் தகும்.