ஏழு மதமும் ஆய்வுக் கட்டுரையின் கட்டமைப்பும்: நன்னூல் பாயிரம் வழி ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரையின் அமைப்பைக் கற்பிக்குமிடத்து முன்னுரை, நோக்கம், கருதுகோள், முடிவுரை முதலிய தலைப்புகளே பெரிதும் முன்னிறுத்தப்படுகின்றன. தலைப்புகள் கட்டுரையைப் பகுக்கும். பகுத்தவற்றை ஒரு வாதமாக இணைக்கமாட்டா. இக்குறையைக் களைய நன்னூல் பாயிரம் எந்த அளவிற்குத் துணைபுரியும் என்பது இங்கு மதிப்பிடப்படுகிறது.

குற்றமும் அழகும்

13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் பவணந்தியார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துரைக்கிறார். கட்டுரைப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இவற்றோடு நின்றுவிடுகின்றன. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் போன்றவை எழுதியதைத் திருத்தப் பயன்படும் அளவுகோல்கள். எழுதவேண்டியதைத் திட்டமிட அவை வழிகாட்டுவதில்லை. ‘முறையின் வைப்பு’ அழகு எனப்படுகிறது. ஆயின் அம்முறை எதனால் தீர்மானிக்கப்படும் என்னும் வினா எஞ்சுகிறது. சான்றுகளை அடுக்கிச் சென்று, முன்னுரையையே சொல் மாற்றி முடிவுரையாக்கும் கட்டுரை ‘சென்று தேய்ந்திறுதல்’ என்னும் குற்றத்திற்கு ஆளாவதற்கு அவ்வினாவை எதிர்கொள்ளாமையே காரணம்.

மதம் என்னும் அடித்தளம்

அதற்கான விடை அதே பாயிரம் கூறும் எழுவகை மதத்தில் உள்ளது. பிறர் கருத்தை உடன்படல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடுமிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூற்குற்றம் காட்டல், பிறர் கொள்கையோடு படாது தன் கொள்கையைக் கொள்ளல் என்பன அவை. இவை ஒவ்வொன்றும் தனக்குரிய வைப்புமுறையைக் கோருகின்றன. இருவர் மாறுகோளைத் துணியும் கட்டுரை இரு தரப்பின் சான்றுகளையும் சமநிலையில் வைத்த பின்னரே தீர்ப்புக் கூற இயலும். ஏற்றுக் களையும் கட்டுரையோ எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைத்தாக வேண்டும்.

உரைமரபின் எல்லை

தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் சேனாவரையர், இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ எனச் சுட்டி, அவர் கருத்தைக் காரணங்காட்டி மறுத்துத் தம் துணிபை நிறுவுமிடங்கள் வாதநெறிக்குச் சிறந்த சான்றுகள். எனினும் அவ்வாதங்கள் அந்தந்த நூற்பா அளவில் நிறைவு பெறுவன. அவற்றின் வரிசையை முடிவுசெய்வது மூலநூலே. கட்டுரையாளருக்கு அத்தகைய வரிசை முன்னரே வாய்ப்பதில்லை. அவரே அதனை ஆக்கிக்கொள்ள வேண்டும். இவ்வேறுபாட்டை உணராது, பாடல்தோறும் சான்று எடுத்து விளக்கிச் செல்லும் கட்டுரைகள் உரையின் வடிவத்தை ஏற்று, அதன் வாத வன்மையைக் கைவிடுகின்றன.

முடிவுரை

எனவே நன்னூல் நிலைப்பாட்டைத் தெரிவுசெய்யக் கற்பிக்கிறது. பகுதிகளைத் தொடுக்கும் பொறுப்பு எழுதுவோரைச் சார்ந்தது. தலைப்புகளை இடுவதற்கு முன், கட்டுரை கொள்ளும் மதத்தை ஒரே தொடரில் எழுதச் செய்தல் பயிற்சியின் முதற்படியாக அமையலாம். ஒரு பகுதியை நீக்கிய பின்னும் அத்தொடர் குறைவின்றி நிற்குமாயின், அப்பகுதி கட்டுரைக்கு உரியதன்று.