எரிக்கச் சொன்ன சித்திரங்கள்

ஆப்ரே பியர்ட்ஸ்லியின் படங்களை ஆபாசம் என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அதற்காகவே அவற்றைத் தேடிப் பிடிக்கிறவர்களோடும் உண்டு. பின்னவர்கள் பாடு ஏமாற்றம்தான்.

1872-ல் பிரைட்டனில் பிறந்தவர். ஏழு வயசிலேயே க்ஷயம். லண்டனில் இன்ஷூரன்ஸ் குமாஸ்தாவாக இருந்துகொண்டே ராத்திரியில் படம் போட்டார். 1894-ல் ஆஸ்கார் ஒயில்டின் 'சலோமி'க்கு வரைந்து, பெயரையும் வசையையும் ஒன்றாகச் சம்பாதித்தார். மறு வருஷம் ஒயில்டு கைதானதும், வழக்கோடு சம்பந்தமே இல்லாத இவருக்கு 'எல்லோ புக்' பத்திரிகையில் வேலை போயிற்று. அப்போது ஆதரித்தவர் லெனார்டு ஸ்மிதர்ஸ். மற்றப் பிரசுரகர்த்தர்கள் தொட அஞ்சியதைப் போடுகிறவர்.

அவருக்காக 1896-ல் வரைந்தவைதான் 'லைசிஸ்ட்ராட்டா' படங்கள் எட்டும். யுத்தத்தை நிறுத்துவதற்காகப் பெண்கள் புருஷர்களைக் கிட்டே சேர்க்க மறுக்கும் கதை; அரிஸ்டோபனீஸின் கிரேக்க நாடகம். ஆண்களின் அவஸ்தையை பியர்ட்ஸ்லி மறைக்கவில்லை, பூதாகாரமாக்கினார். கிரேக்க மேடையிலேயே நடிகர்கள் தோலால் செய்த குறியைக் கட்டிக்கொண்டுதான் சிரிப்பு மூட்டினார்கள். இவர் கூட்டியது கொஞ்சம்தான்.

படங்களில் பின்னணி இல்லை, நிழல் இல்லை. வெறும் காகிதத்தில் கோடு. லைன் பிளாக்கில் கறுப்பு, வெள்ளை தவிர வேறு வராது. அந்தக் குறையையே தம் பாஷையாக்கிக்கொண்டார். ஆனால் அந்தக் கோட்டில் சூடு கிடையாது. ஆசையை மூட்ட நினைக்கிறவன் கொஞ்சமாவது தானும் மயங்குவான்; கதை எழுதுகிற எனக்கு அது தெரியும். இவர் மயங்கவில்லை, சிரிக்கிறார். ரத்தம் கக்கிக்கொண்டிருந்த ஒரு இளைஞன், தன்னைக் கைவிட்ட உடம்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்றே எனக்குப் படுகிறது.

1897-ல் கத்தோலிக்கரானார். 1898 மார்ச்சில், பிரான்சின் மாந்தோன் ஊரில் மரணப் படுக்கையிலிருந்து, லைசிஸ்ட்ராட்டா பிரதிகளையும் ஆபாசப் படங்கள் அத்தனையையும் அழித்துவிடும்படி ஸ்மிதர்ஸுக்கு எழுதி மன்றாடினார். 16-ந் தேதி இறந்தார். வயசு 25. ஸ்மிதர்ஸ் அழிக்கவில்லை.

நல்லதாயிற்று என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்மிதர்ஸ் காத்தது கலையை அல்ல, சரக்கை. அதற்காக, மரண பயத்தில் எழுதியவன்தான் நிஜம், சிரித்தவன் பொய் என்று நான் ஒப்பமாட்டேன். இரண்டும் ஒரே கை. என் கதையொன்றை எரித்துவிடச் சொல்லி நான் எழுதி வைத்தால், பிரசுரகர்த்தர் அதை எரிக்கத்தான் வேண்டும் என்பேன். அப்படியும், இந்த எட்டுப் படங்கள் தப்பியதில் எனக்குச் சந்தோஷமே.