ஆர்டிசி வாங்கினால் தீருமா?

ஆர்டுயினோவில் செய்த கடிகாரம் தினமும் பின்தங்குகிறது என்று யார் புலம்பினாலும் பதில் தயாராக இருக்கிறது: டிஎஸ்3231 என்ற ஆர்டிசி (நிகழ்நேரக் கடிகார) மாட்யூல் வாங்கிப் போடு. ஊனோ கற்றுக்கொள்பவர்களுக்கான போர்டு, அதில் போய்த் துல்லியம் தேடலாமா என்ற சமாதானமும் கூடவே வரும்.

டிஎஸ்3231 நல்ல சிப்தான். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் பிசகாது. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். ஊனோவின் ஏடிமெகா328பி ஓடுவதோ குவார்ட்ஸில் அல்ல, செராமிக் ரெசனேட்டரில். அது அரை சதவீதம் விலகினாலே நாளுக்கு 432 விநாடி போயிற்று. இதிலெல்லாம் தகராறு இல்லை.

தகராறு புரோகிராமில் இருக்கிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. டிலேயை விட்டு வெளியே வரும் ஒவ்வொருவரும் படிப்பது ஐடிஇயோடு வரும் 'பிளிங்க் விதவுட் டிலே' உதாரணத்தைத்தான். குறித்த இடைவெளி கடந்துவிட்டதா என்று அது மில்லிஸைப் பார்க்கும். கடந்திருந்தால், பார்த்த அந்த நேரத்தையே அடுத்த கணக்கின் தொடக்கமாக எழுதிக்கொள்ளும். கோளாறு அங்கேதான். லூப் வேறு வேலையில் இருந்துவிட்டு 1002-வது மில்லிவிநாடியில் வந்து பார்த்தால், அடுத்த விநாடி 1002-லிருந்து தொடங்கும். அந்த 2 மில்லிவிநாடி இனித் திரும்பாது. விநாடிக்கு 2 என்றால் நாளுக்கு 173 விநாடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். ரெசனேட்டராவது வேகமாகவும் ஓடலாம், மெதுவாகவும் ஓடலாம். இந்தப் பிழை எப்போதும் பின்னோக்கித்தான் இழுக்கும். பழைய குறிப்போடு இடைவெளியைக் கூட்டி எழுதியிருந்தால் பிழை சேரவே சேராது.

அதைச் செய்யாமல் நம் ஆட்கள் 1000 இருந்த இடத்தில் 998 போடுகிறார்கள். கடிகாரம் சரியாகிவிட்டதாம்! அந்த போர்டுக்கு, அன்றைய புரோகிராமுக்கு, அன்றைய வெயிலுக்குச் சரி. நாளை ஒரு டிஎஸ்18பி20 வெப்பமானியைச் சேர்த்தால், 12 பிட்டில் அளக்க அது 750 மில்லிவிநாடி வரை எடுக்கும். வழக்கமான லைப்ரரி அதுவரை லூப்பை நிறுத்தி வைக்கும். 998 என்ன ஆகும்?

ஆர்டிசி போட்டவர்களும் தப்பவில்லை. சிப்பிடம் நேரத்தைக் கேள், எல்சிடியில் காட்டு, டிலே 1000, மறுபடி கேள். கேட்கவும் காட்டவும் ஆகும் நேரம் மேலே ஏறிக்கொள்வதால் ஒவ்வொரு சுற்றும் விநாடியைத் தாண்டிவிடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் திரையில் 41-க்கு அடுத்து 43 வரும். சிப் 42-ஐச் சரியாகவே எண்ணியது. புரோகிராம் கோட்டை விட்டது. உடனே 'மாட்யூல் டூப்ளிகேட்' என்று இன்னொன்று வாங்குகிறார்கள். விநாடிக்கொரு துடிப்புத் தரக்கூடிய எஸ்க்யூடபிள்யூ பின் அதே மாட்யூலின் ஓரத்தில் வயர் படாமலே கிடக்கிறது.

பழைய குறிப்போடு இடைவெளியைக் கூட்டி எழுதுவதிலும் சிக்கல் உண்டு என்பார்கள். லூப் ஐந்து விநாடி முடங்கினால், தவறிய ஐந்தும் அடுத்தடுத்துச் சரசரவென வந்து விழும், எல்இடி படபடக்கும். உண்மைதான். எல்இடி மினுக்க அது தொல்லை. கடிகாரத்துக்கு அந்த ஐந்து விநாடியும் கணக்கில் வந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்ல 'பிளிங்க் விதவுட் டிலே' உதாரணத்தில் இரண்டு வரி கமென்ட் போதும்.