விடாதவரை எந்தச் சொல்லால் அழைப்பது?

2017 பிப்ரவரி 7. அமெரிக்க செனட்டில் ஜெஃப் செஷன்ஸை அட்டர்னி ஜெனரலாக நியமிப்பது பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் 1986இல் செஷன்ஸுக்கு எதிராக எழுதிய கடிதம் ஒன்றை செனட்டர் எலிசபெத் வாரன் வாசித்தார். அவை விதியைக் காட்டி அவருடைய பேச்சை நிறுத்தினார்கள். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானெல் அதற்குக் காரணம் சொன்னார்: எச்சரித்தோம், விளக்கினோம், அப்படியும் அவர் விடவில்லை. கண்டனமாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை வாரனின் ஆதரவாளர்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். சில நாட்களிலேயே அது பனியன்களிலும் பதாகைகளிலும் ஏறிவிட்டது.

மெக்கானெல் பயன்படுத்திய வினைச்சொல் 'பெர்சிஸ்ட்'. சொன்னவருக்கு அது அடங்காமை, கேட்டவர்களுக்கு விடாமுயற்சி. 'பெர்சிஸ்டென்ட்' என்ற பெயரடையும் இந்த இரண்டு அர்த்தங்களையும் சுமந்துகொண்டுதான் திரிகிறது.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர், சக ஊழியரின் பணி ஓய்வு விழாவுக்கு உரை தயாரிப்பவர், வாழ்க்கை வரலாற்றை மொழிபெயர்ப்பவர் எல்லோரும், விடாமல் முயன்ற ஒருவரை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் புகழ்வது என்ற சிக்கலுக்கு ஒருநாள் வந்து சேருகிறார்கள். ஒத்தசொல் அகராதியைப் புரட்டினால் டினேஷஸ், டாகிட், ரெசிலியன்ட், அசிடியுவஸ், இன்டிஃபாட்டிகபிள், ரிலென்ட்லெஸ், ஸ்டபர்ன் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். எழுத்து நீளமாகவும் ஓசை கம்பீரமாகவும் இருப்பதை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் ஒரு மனிதர் எதை எதிர்த்து நின்றார் என்பதைப் பார்த்துத்தான் சொல்லைத் தேர்கிறார்கள். அந்தத் தேர்வைக் கண்டுகொள்ளப் பழகியவருக்கு ஒரு சாதாரண இரங்கல் குறிப்பிலும் சுவை கிடைக்கும்.

எதிரே நின்றது எது?

கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் பத்து வயதில் ஒரு நூலகப் புத்தகத்தில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பார்த்தார். 1986இல் பிரின்ஸ்டனில் இருந்தபடி, பெரும்பாலும் யாரிடமும் சொல்லாமல், அதை நிறுவும் வேலையில் இறங்கினார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். பிறகு அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அதை அடைத்தார். 1995இல் நிரூபணம் அச்சேறியது. இவருக்குப் பொருந்தும் சொல் டினேஷஸ். 'பிடித்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. கையில் பிடித்ததை விடாதவர், பிடியை இன்னொன்றுக்கு மாற்றாதவர் என்பது அதன் உட்பொருள். நினைவாற்றலையும் கைப்பிடியையும்கூட ஆங்கிலத்தில் டினேஷஸ் என்பார்கள்.

துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனுக்கு அதே சொல்லைப் போட்டால் தடுமாறும். அன்டார்க்டிகாவைக் குறுக்காகக் கடக்க வேண்டும் என்பதே அவருடைய குறிக்கோள். அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் 1915இல் வெட்டல் கடலின் பனியில் சிக்கி நொறுங்கி, நவம்பர் 21 அன்று மூழ்கியது. அந்தக் கணத்திலிருந்து அவர் கடப்பதைப் பற்றிப் பேசவில்லை. உடன் வந்தவர்களை உயிரோடு ஊர் சேர்ப்பதே வேலையாயிற்று. ஐந்து பேரோடு ஒரு சிறு படகில் எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியா வரை சுமார் 800 மைல் சென்றார். மூன்று முறை மீட்கப் போய்த் தோற்றார். நான்காம் முறை, 1916 ஆகஸ்ட் 30 அன்று, தீவில் காத்திருந்த 22 பேரையும் மீட்டார். பிடித்ததை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்த மனிதர் இவர். ரெசிலியன்ட் என்பதே இவரோடு ஒட்டுகிறது. பின்னால் துள்ளி எழுவது என்பது அதன் வேர்ப்பொருள். அடி விழுந்திருக்க வேண்டும், அடிக்குப் பின் எழுந்திருக்கவும் வேண்டும். அடியே வாங்காத ஒருவரை ரெசிலியன்ட் என்று புகழும் கடிதங்கள் அதனால்தான் பொய்யாக ஒலிக்கின்றன.

மூன்றாமவர் ஜேம்ஸ் மர்ரே. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி என்று பெயர்பெற்ற நூலின் ஆசிரியராக 1879இல் பொறுப்பேற்றார். வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, தன்னார்வலர்கள் அனுப்பிய மேற்கோள் சீட்டுகளை அங்கே அடுக்கினார். முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. 1915இல் அவர் இறந்தபோது அவர் கையிலிருந்த வேலை 'டி' (T) எழுத்தில் நின்றது. முழு அகராதி 1928இல்தான் முடிந்தது. இங்கே புயலும் இல்லை, கப்பல் உடையவும் இல்லை. எதிரே நின்றது வேலையின் அளவு மட்டுமே. நாள்தோறும் உட்கார்ந்து செய்யும் உழைப்புக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொல் அசிடியுவஸ். அதன் லத்தீன் மூலத்துக்கும் 'அருகே அமர்ந்திருத்தல்' என்றே பொருள். மர்ரேயின் களைப்பறியாத தன்மையைச் சொல்ல வேண்டுமானால் இன்டிஃபாட்டிகபிள் இருக்கிறது. முன்னது அமர்ந்திருந்ததைச் சொல்லும், பின்னது அயராததைச் சொல்லும்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பாகுபாடு அந்நியமானதல்ல. திருக்குறளில் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம், இடுக்கணழியாமை 63ஆம் அதிகாரம். முயற்சியையும், துன்பம் வந்தபோது குலையாமையையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தாலும் ஒன்றாக்கவில்லை. மர்ரேயை முதல் அதிகாரத்திலும் ஷாக்கிள்டனை இரண்டாம் அதிகாரத்திலும் வைத்துப் பார்த்தால் ஆங்கிலப் பெயரடைகளின் இடம் எளிதாகப் பிடிபடும்.

பார்ப்பவர் யார்?

தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலியில் ஒரு வேடிக்கையான வினைத்திரிபு சொன்னார். நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் முரட்டுப் பிடிவாதம் பிடித்த முட்டாள் என்பது அதன் சாரம். ஃபர்ம், ஆப்ஸ்டினேட், பிக்ஹெடட் என்று ஒரே குணம் ஆள் மாற மாற இறங்கிக்கொண்டே போகிறது.

ஜான் ஹாரிசனின் கதையில் இது நடந்தே இருக்கிறது. கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய உதவும் கடிகாரத்தைச் செய்த தச்சர் மகன் அவர். மூன்றாவது கடிகாரத்துக்கு மட்டும் சுமார் 19 ஆண்டுகளைக் கொடுத்தார். நான்காவது 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் சோதிக்கப்பட்டு நன்றாகவே ஓடியது. ஆனாலும் அதற்கான பரிசை முடிவு செய்யும் தீர்க்கரேகை வாரியம் மேலும் மேலும் சோதனை கேட்டது. 1773இல், எண்பது வயதில், நாடாளுமன்றத்தின் தலையீட்டால்தான் அவருக்கு எஞ்சிய பெருந்தொகை கிடைத்தது. வாரியத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஹாரிசன் ஆப்ஸ்டினேட். இன்றைய வரலாற்றாசிரியருக்கு அவர் டினேஷஸ். ஒரு பத்தியில் எந்தச் சொல் வந்திருக்கிறது என்று பார்த்தாலே எழுதியவர் மேசையின் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

காலமும் சொல்லின் மதிப்பை மாற்றும். டாகிட் என்பது நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் அதற்குச் சிடுசிடுப்பு, கடுகடுப்பு என்ற வகையில்தான் பொருள் தரப்பட்டிருக்கிறது. இன்று அது மெச்சும் சொல். ஆனாலும் பழைய முகக்கடுப்பு முற்றிலும் போய்விடவில்லை. டாகிட் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆரவாரமில்லாமல், தோல்வி தெரிந்தும் தொடர்பவர். மழையில் கடைசி ஆளாக ஓடி முடிக்கும் மாரத்தான் வீரருக்கு இது பொருந்தும், சிரித்த முகத்தோடு வென்றவருக்குப் பொருந்தாது. பெயரடையாக வரும்போது இதை இரண்டு அசையாக உச்சரிக்க வேண்டும்.

கூட வரும் சொற்கள்

ஒரு பெயரடையின் குணம் அது வழக்கமாகச் சேரும் பெயர்ச்சொற்களில் தெரியும். பெர்சிஸ்டென்ட் என்பது இருமலோடும் மழையோடும் வரும். ஸ்டபர்ன் என்பது போகாத கறையோடும் கழுதையோடும் வரும். ரிலென்ட்லெஸ் என்பது வெயிலோடும் துரத்தலோடும் வரும். இளகுதல் என்ற வினையை மறுத்துப் பிறந்த சொல் அது, எனவே எதிராளிக்கு ஏற்படும் வலியையும் சேர்த்தே சொல்லும். புலனாய்வு நிருபரை ரிலென்ட்லெஸ் என்றால் பாராட்டு. குழந்தைகளோடு பொறுமையாக இருக்கும் ஆசிரியையை அப்படிச் சொன்னால் படிப்பவர் திடுக்கிடுவார். விற்பனைப் பிரதிநிதியைப் பெர்சிஸ்டென்ட் என்று மேலாளர் எழுதினால் ஒரு பொருள், வாடிக்கையாளர் எழுதினால் வேறு பொருள்.

பிளக்கி, ஃபைஸ்டி ஆகிய இரண்டிலும் கூடுதல் கவனம் தேவை. இரண்டும் மெச்சுவது போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் உருவத்தில் சிறியவர், வயதானவர், பெண், தோற்பார் என்று எதிர்பார்க்கப்படுபவர் ஆகியோருக்கே அவை ஒதுக்கப்படுகின்றன. ஃபைஸ்டி ஒரு சிறு நாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற அதிக எடைப்பிரிவு வீரரை யாரும் பிளக்கி என்பதில்லை. ஒரு பெண் தலைவரின் நாற்பதாண்டுப் போராட்டத்தை ஃபைஸ்டி என்ற சொல்லில் அடக்கினால் அந்தப் போராட்டம் சிறுத்துவிடுகிறது. இத்தகைய சொல்லைப் படித்ததும், அந்த இடத்தில் ஓர் ஆணின் பெயர் இருந்தால் இதே பெயரடை வந்திருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மாற்றிப் பார்த்தல்

ரசனையை வளர்க்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு வாழ்க்கைக் குறிப்பை எடுத்துக்கொண்டு அதிலுள்ள பெயரடையை நீக்கிவிட்டு வேறு மூன்றை வைத்துப் பார்க்கலாம். விஞ்ஞானி கேட்டலின் கரிகோ இதற்கு ஏற்றவர். ஹங்கேரியில் பிறந்து 1985இல் அமெரிக்கா சென்றவர். எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறை மருந்தாக்க முடியும் என்று நம்பினார், ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பித்துத் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டார். 1995இல் பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவி இறக்கப்பட்டது. ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு பின்னாளில் கோவிட் தடுப்பூசிகளுக்கு வழி திறந்தது. 2023இல் இருவரும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

வாக்கியம் நிதி விண்ணப்பங்களைப் பற்றியது என்றால் பெர்சிஸ்டென்ட் சரியாக அமரும், கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதே அங்கே செய்தி. 1995க்குப் பிறகும் ஆய்வகத்தில் தொடர்ந்ததைப் பற்றியது என்றால் ரெசிலியன்ட். வேறு மூலக்கூறுக்குத் தாவாமல் எம்ஆர்என்ஏவிலேயே நின்றதைச் சொல்வதானால் டினேஷஸ். ஃபைஸ்டியை எங்கே வைத்தாலும் விஞ்ஞானி மறைந்து ஒரு கதாபாத்திரம் வந்துவிடும். பரிந்துரைக் கடிதம் எழுத உட்காரும் ஆசிரியரும் தன் மாணவியின் எந்த ஆண்டை, எந்தத் தடையைச் சொல்லப்போகிறோம் என்று முதலில் தமிழில் ஒரு வரி குறித்துக்கொண்டால், அகராதியில் தேட வேண்டிய சொற்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.